ஊரறியக் கணக்கு

நம் கிராமங்களிலே திருவிழா முடிந்தபின் ஒரு நாள் மாலை ஊரார் கோயில் மண்டபத்தில் கூடுவர். தலைக்கட்டு வரி எவ்வளவு வசூலாயிற்று, மேளக்காரருக்கு எவ்வளவு, பந்தலுக்கு எவ்வளவு, எண்ணெய்க்கும் பூவுக்கும் எவ்வளவு என்று ஒருவர் உரத்த குரலில் வாசிப்பார். "பந்தலுக்கா இத்தனை ரூபாய்?" என்று கூட்டத்தில் ஒருவர் வினவுவார். பந்தல் போட்டவரும் அங்கேயே அமர்ந்திருப்பார்; எழுந்து விடை சொல்லுவார். மிச்சம் எவ்வளவு, அது யாரிடம் இருக்கிறது என்பதை அறிந்த பின்னரே கூட்டம் கலையும். 'கணக்கு வாசிப்பது' என்று இதற்குப் பெயர்.

இவ்வழக்கத்தில் மூன்று செய்திகள் அடங்கியிருக்கின்றன. முதலாவது, கணக்கை யாரும் மனுப் போட்டுக் கேட்கவில்லை. கேட்பதற்கு முன்னரே அது வாசிக்கப்படுகிறது. இரண்டாவது, மொத்தத் தொகையை மட்டும் சொல்லி நிறுத்திவிடாமல் இனம் இனமாகப் பிரித்துச் சொல்கிறார்கள். மூன்றாவது, கேட்பவர்களுள் விவரம் அறிந்தவர் இருக்கிறார். ஆதலால் பிழை இருப்பின் அங்கேயே வெளிப்பட்டுவிடுகிறது.

நூறு தலைக்கட்டு உள்ள ஊருக்கு இது எளிது. கோடிக்கணக்கான மக்கள் வாழும் நாட்டின் அரசாங்கம் இவ்வாறு கணக்கு வாசிக்க இயலுமா? இயலும் எனின், எவ்வாறு? அதற்கு அரசாங்கங்களை உடன்படச் செய்வது எங்ஙனம்? 'திறந்த தரவு' என்று இக்காலத்தார் வழங்கும் கொள்கை இவ்வினாக்களுக்கு விடை காணும் முயற்சியே ஆகும். அம்முயற்சியின் வரலாற்றையும், அதில் மாணவர்களாகிய உங்களுக்கு உள்ள பங்கையும் இப்பேச்சில் கூற விரும்புகிறேன்.

பொதுப் பணத்துக்குக் கணக்குக் காட்டவேண்டும் என்னும் எண்ணம் நமக்குப் புதிதன்று. காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. குடவோலை வாயிலாக வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையை அவை விரித்துரைக்கின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது ஒழிந்தவரும், அவருடைய உறவினரும் குடவோலையில் பெயர் எழுதப்படத் தகுதியற்றவர் என்பது அவ்விதிகளுள் ஒன்று. விதியை ஓலையில் எழுதிப் பெட்டியில் வைத்துவிடாமல், சபை கூடும் மண்டபத்தின் சுவரிலேயே வெட்டிவைத்தார்கள் என்பதையும் நாம் கருத வேண்டும். அச்சபையில் இடம்பெறும் உரிமை நிலமும் கல்வியும் உடைய ஒரு வகுப்பாருக்கே இருந்தது என்பது உண்மைதான். ஆயினும், பொதுக் காரியம் செய்தவன் ஊரறியக் கணக்குக் காட்டவேண்டும் என்ற கருத்து அன்றே கல்லில் ஏறிவிட்டது.

நாடு முழுவதற்குமான சட்டமாக அக்கருத்தை முதன்முதல் இயற்றிய பெருமை சுவீடன் நாட்டுக்கு உரியது. 1766-ஆம் ஆண்டில் அந்நாடு இயற்றிய அச்சுச் சுதந்திரச் சட்டம், அரசாங்க ஆவணங்களைக் குடிமக்கள் கேட்டுப் பெறவும் அச்சிட்டு வெளியிடவும் உரிமை தந்தது. அதற்கு முன்னின்று உழைத்தவர்களுள் ஒருவர் ஆண்டர்ஸ் சிதேனியுஸ் என்ற பாதிரியார். அவர், அந்நாளில் சுவீடனின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த பின்லாந்துப் பகுதியைச் சேர்ந்தவர். அமெரிக்க ஐக்கிய நாடுகள் இத்தகைய சட்டத்தை 1966-இல்தான் இயற்றின. இடையே சரியாக இருநூறு ஆண்டுகள் கழிந்தன. அரசாங்கங்கள் தம் ஏடுகளைத் திறந்து காட்ட எவ்வளவு தயங்குகின்றன என்பதற்கு இவ்விடைவெளியே சான்று.

நம் நாட்டில் நிலைமை இன்னும் கடினமாக இருந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் 1923-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட அரசாங்க இரகசியச் சட்டம், 1947-க்குப் பின்னரும் நீடித்தது. ஒற்றர்களைத் தடுப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. ஆனால் அது வளர்த்த பழக்கமோ அலுவலகந்தோறும் பரவியது. செய்தியைச் சொல்லிவிட்டால் தண்டனை வரக்கூடும். சொல்லாது மறைத்தால் யாதொரு துன்பமும் இல்லை. இந்நிலையில் எந்த அலுவலர்தாம் வாய் திறப்பார்? மறைத்தலைத் தீய எண்ணமுடையவர் மட்டுமே செய்தனர் என்று எண்ணிவிடலாகாது. நல்லவரும் மறைத்தார்கள், ஏனெனில் அமைப்பு அவ்வாறு அவர்களைப் பழக்கியிருந்தது.

இப்பழக்கத்தை அசைத்தவர்கள் இராஜஸ்தான் மாநிலத்துக் கூலித் தொழிலாளர்கள். மழை பொய்க்கும் நிலப்பகுதி அது. பஞ்ச காலங்களில் அரசாங்கம் சாலை போடுதல், குளம் வெட்டுதல் முதலிய நிவாரணப் பணிகளை நடத்திக் கூலி கொடுக்கும். சட்டம் விதித்த குறைந்தபட்சக் கூலி தங்கள் கைக்கு வரவில்லை என்று தொழிலாளர் முறையிட்டனர். "நீங்கள் செய்த வேலையின் அளவு அவ்வளவுதான், அளவுப் புத்தகத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது" என்ற விடை வந்தது. "அப்புத்தகத்தைக் காட்டுங்கள்" என்றார்கள். "அது அரசாங்க இரகசியம்" என்றார்கள். வெயிலில் நின்று மண் வெட்டியவனுக்கு, தான் வெட்டிய மண்ணின் அளவே இரகசியமாயிற்று!

1975-இல் ஆட்சிப் பணியைத் துறந்த அருணா ராய், அவருடன் சேர்ந்து உழைத்த நிகில் டே, சங்கர் சிங் முதலானோர் தேவ்டுங்கிரி என்ற சிற்றூரில் தங்கி, இம்மக்களோடு வாழ்ந்தனர். 1990-ஆம் ஆண்டு மே முதல் நாளில் 'மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன்' என்ற தொழிலாளர் உழவர் அமைப்பு தோன்றியது. கூலிப் போராட்டமாகத் தொடங்கியது சில ஆண்டுகளில் ஏட்டுப் போராட்டமாக மாறியது. கூலி கிடைக்கவேண்டுமானால் முதலில் ஏடு திறக்கவேண்டும் என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்தார்கள்.

1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் அவர்கள் ஒரு கூட்டம் நடத்தினார்கள். 'ஜன் சுன்வாயி', அதாவது மக்கள் விசாரணை, என்று அதற்குப் பெயர். எப்படியோ கைக்கு எட்டிய பஞ்சாயத்துப் பணிகளின் ஏடுகள் கூட்டத்தில் உரக்க வாசிக்கப்பட்டன. மஸ்டர் ரோல் என வழங்கும் வருகைப் பட்டியலில் இருந்த பெயர்களைக் கேட்ட மக்கள், அவ்வேலைக்கே போகாதவர்களின் பெயர்கள் அதில் இருப்பதைக் கண்டு திகைத்தனர். முடிவுபெறாத கட்டடம் ஒன்று முடிந்துவிட்டதாகக் கணக்கில் இருந்தது. அக்கட்டடமோ அவர்கள் கண்முன்னே நின்றது! தணிக்கையாளர் பலர் நகரத்தில் அமர்ந்து பார்த்திருந்தால் அந்த ஏட்டில் குறை கண்டிருக்க முடியாது. கூட்டல் சரியாக இருந்திருக்கும். அது பொய் என்பதை அறியக்கூடியவர்கள் அந்த ஊர் மக்களே. திருவிழாக் கணக்கில் பந்தல்காரர் எழுந்து பேசுவது போன்றதுதான் இதுவும்.

1996 ஏப்ரலில் பியாவர் நகரத்தில் அவர்கள் நாற்பது நாள் அறப்போராட்டம் நடத்தினார்கள். 'எங்கள் பணம், எங்கள் கணக்கு' என்பது அவர்களுடைய முழக்கம். அப்போராட்டத்தில் ஒரு நுட்பமான செய்தி உண்டு. முதலில் அரசாங்கம் பிறப்பித்த உத்தரவு ஏடுகளைப் பார்வையிட மட்டுமே இடம் தந்தது. நகல் பெற இடம் தரவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தொழிலாளி அலுவலகத்துக்குச் சென்று ஏட்டைப் பார்த்துத் திரும்புவதால் பயன் யாது? நகல் இருந்தால் அன்றோ அதை ஊருக்கு எடுத்து வந்து, படித்தவரைக் கொண்டு வாசிக்கச் செய்து, பட்டியலில் உள்ளவர்களை நேரில் அழைத்துக் கேட்க முடியும்? 1997-இல் ஜெய்ப்பூரில் மேலும் ஐம்பத்து மூன்று நாள் போராடிய பின்னரே, பஞ்சாயத்துக் கணக்குகளின் நகலைப் பெறும் உரிமை அவர்களுக்குக் கிட்டியது. ஏட்டைக் காட்டுவது வேறு, பயன்படுத்தத் தக்க வடிவில் கொடுப்பது வேறு என்ற உண்மையை அவர்கள் அன்றே உணர்ந்திருந்தார்கள். இன்று திறந்த தரவைப் பற்றி அறிஞர் பேசும் பேச்செல்லாம் இவ்வேறுபாட்டின் விரிவுரையே எனலாம்.

பின்னர் நிகழ்ந்தவை விரைந்து நிகழ்ந்தன. 1997-இல் தமிழ்நாடு, இந்திய மாநிலங்களுள் முதலாவதாக, தகவல் அறியும் உரிமைச் சட்டம் இயற்றியது. விலக்குகள் மிகுந்திருந்தமையால் அச்சட்டம் பெரும்பயன் அளிக்கவில்லை. இராஜஸ்தான் 2000-இல் சட்டம் இயற்றியது. 2005-இல் இந்தியா முழுவதற்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, அவ்வாண்டு அக்டோபர் 12 முதல் நடைமுறைக்கு வந்தது. விண்ணப்பித்தவர் ஏன் கேட்கிறார் என்று காரணம் கூற வேண்டியதில்லை. முப்பது நாளுக்குள் விடை தரவேண்டும். ஒருவரது உயிரையோ சுதந்திரத்தையோ பற்றிய செய்தியானால் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் தரவேண்டும். மறைத்தலுக்கும் ஒரு விலை உண்டு என்று அலுவலருக்கு அபராதம் விதிக்கவும் அச்சட்டம் வழி செய்தது.

ஆனால், கேட்டுப் பெறும் உரிமை மட்டும் போதுமா? ஓர் ஊரில் நியாயவிலைக் கடைக்கு எத்தனை மூட்டை அரிசி வந்தது என்று ஒருவர் விண்ணப்பிக்கிறார். முப்பது நாள் கழித்து ஒரு கடிதம் வருகிறது. அடுத்த ஊர்க்காரர் அதே கேள்வியைக் கேட்கிறார். மீண்டும் முப்பது நாள். அடுத்த மாதத்துக் கணக்குக்கு மீண்டும் ஒரு விண்ணப்பம். அலுவலருக்கும் வேலை மிகுகிறது. கேட்பவருக்கும் பொழுது வீணாகிறது. அன்றியும், வல்லாரை எதிர்த்துப் பெயர் எழுதிக் கையொப்பமிட்டுக் கேட்பது எல்லாராலும் இயல்வதன்று.

இதைச் சட்டம் இயற்றியவர்களும் அறிந்திருந்தார்கள். அச்சட்டத்தின் நான்காம் பிரிவு, ஒவ்வோர் அலுவலகமும் தன் பணிகள், வரவுசெலவுத் திட்டம், உதவித் திட்டங்கள், அவற்றால் பயன்பெறுவோர் முதலிய விவரங்களைத் தானே முன்வந்து வெளியிடவேண்டும் என்று கூறுகிறது. மக்கள் இச்சட்டத்தைப் பயன்படுத்தி விண்ணப்பிக்கும் தேவையே மிகக் குறைந்துபோகும்படி, இணையம் உள்ளிட்ட பல வழிகளில் செய்திகளை இடையறாது வெளியிட்டுவர வேண்டும் என்பதும் அப்பிரிவின் கருத்து. கேட்குமுன் கொடு என்பதே அதன் சாரம். சட்டத்தின் உயிர்நிலை அந்தப் பிரிவிலேதான் இருக்கிறது. ஆயினும் மிகவும் புறக்கணிக்கப்பட்ட பகுதிகளுள் ஒன்றும் அதுவே.

கேட்குமுன் கொடுப்பதானால் எவ்வாறு கொடுப்பது? 2007 டிசம்பரில் அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்துச் செபாஸ்டபோல் என்ற ஊரில் ஏறக்குறைய முப்பது பேர் கூடி, அரசாங்கத் தரவு எப்போது உண்மையில் திறந்தது ஆகும் என்பதற்கு எட்டு இலக்கணங்கள் வகுத்தார்கள். அவற்றின் பொருளைச் சுருங்கச் சொல்லுகிறேன். தரவு முழுமையானதாக இருக்க வேண்டும். சுருக்கித் திரட்டப்படாத மூல வடிவில் இருக்க வேண்டும். காலந்தாழாது வரவேண்டும். எல்லாருக்கும் எட்டவேண்டும். கணினி படித்துக் கணக்கிடத்தக்க வடிவில் இருக்க வேண்டும். இன்னார்தாம் பெறலாம் என்ற வேறுபாடு கூடாது. ஒரே நிறுவனத்தின் மென்பொருளை விலைக்கு வாங்கினால்தான் திறக்கும் என்ற நிலை கூடாது. பயன்படுத்தத் தனி அனுமதி வேண்டும் என்ற கட்டும் கூடாது.

இவற்றுள் கணினி படிக்கத்தக்க வடிவம் என்பது சிலருக்கு விளங்காதிருக்கலாம். ஓர் எடுத்துக்காட்டு. ஒரு மாவட்டத்துப் பள்ளிகள் ஆயிரத்தின் விவரங்களை நானூறு பக்கம் அச்சிட்டு, அப்பக்கங்களை நிழற்படம் எடுத்து இணையத்தில் ஏற்றிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். குடிநீர்க் குழாய் இல்லாத பள்ளிகள் எந்த ஒன்றியத்தில் மிகுதி என்று நீங்கள் அறிய விரும்பினால், நானூறு பக்கத்தையும் படித்துக் கையால் எண்ணவேண்டும். அதே விவரங்களை வரிசையும் நிரலுமாக அமைந்த அட்டவணைக் கோப்பாக வெளியிட்டால், ஒரு கல்லூரி மாணவர் சில நிமிடங்களில் எண்ணிவிடலாம். சென்ற ஆண்டுக் கணக்கோடு ஒப்பிடலாம். வரைபடத்தில் குறித்துக் காட்டலாம். இரண்டும் வெளியிடப்பட்டவையே, முன்னது கதவைத் திறந்து விளக்கை அணைத்து வைப்பதை ஒக்கும்.

2009 மே மாதத்தில் அமெரிக்க அரசாங்கம் தன் தரவுகளுக்கென ஒரு பொது இணையத்தளத்தைத் தொடங்கியது. இந்திய அரசாங்கம் 2012 மார்ச்சில் தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கையை வெளியிட்டு, அவ்வாண்டிலேயே தனக்கும் ஒரு தரவுத் தளத்தை அமைத்தது. ஒவ்வொரு துறையும் மூன்று மாதத்துக்குள் உயர்பயனுடைய ஐந்து தரவுத் தொகுதிகளையேனும் வெளியிடவேண்டும் என்று அக்கொள்கை கூறியது. 2015-இல் பன்னாட்டுத் திறந்த தரவுச் சாசனம் ஒன்றும் உருவாயிற்று.

எனினும் கொள்கையை எழுதுவது ஒன்று. அலுவலகம் அதற்கு உடன்படுவது மற்றொன்று. அலுவலகங்கள் தயங்குவதற்குச் சில காரணங்கள் உண்டு. அவற்றை நாம் நேர்மையோடு ஆராய்ந்தால்தான் அவர்களுக்கு உதவ முடியும்.

"தரவை விற்றால் வருமானம் வருமே, இலவசமாக ஏன் கொடுக்க வேண்டும்?" என்பது ஒரு தயக்கம். இதற்கு லேண்ட்சாட் செயற்கைக்கோள்களின் வரலாறு விடை கூறும். 1972 முதல் பூமியைப் படம் எடுத்துவரும் அமெரிக்கச் செயற்கைக்கோள் வரிசை அது. படம் ஒன்று அறுநூறு டாலர் அளவில் விற்கப்பட்டுவந்த நாளில், மிகுதியாக விற்ற 2001-ஆம் ஆண்டிலும் ஏறத்தாழ 25,000 படங்களே விலைபோயின. 2008-இல் அவற்றை இலவசமாக்கினார்கள். அடுத்த ஓராண்டுக் காலத்தில் ஏறத்தாழ பத்து இலட்சம் படங்களை மக்கள் எடுத்துக்கொண்டார்கள். காடு அழிவதையும், பனியாறு சுருங்குவதையும், பயிர் விளைவதையும் ஆராய்வோர் உலகெங்கும் பெருகினர். விலை என்னும் வேலியால் எத்தனை பயன் வெளியே நின்றது என்பது வேலியை எடுத்த பின்புதான் தெரிந்தது.

"எங்கள் ஏட்டில் பிழை இருக்கும், வெளியிட்டால் பழி வருமே" என்பது இரண்டாவது தயக்கம். இது மனித இயல்பு. பிழையைச் சுட்டியவரை எதிரியாகக் கருதாமல், திருத்தம் பெறுவதற்கென ஒரு வழியை வகுத்து வைப்பதே இதற்கு மருந்து. பிழையைத் தானே வெளியிட்டுத் திருத்தும் அலுவலருக்குத் தண்டனை இல்லை என்ற உறுதி மேலிருந்து வரவேண்டும். பொதுமக்களும் சிறு பிழைக்கும் பெரு மோசடிக்கும் வேறுபாடு அறிந்து பேசப் பழகவேண்டும்.

மூன்றாவது தயக்கம் தனிமனிதரின் மறைவுரிமை பற்றியது. இது மிகவும் எண்ணத்தக்கது. நோயாளியின் மருத்துவக் குறிப்பும், மாணவியின் வீட்டு முகவரியும் ஊரறிய வேண்டிய செய்திகள் அல்ல. ஆனால் ஒன்றை மறவாதீர்கள்: கோட் கிரானாவில் பொய்யை வெளிப்படுத்தியது பெயர்ப் பட்டியலே. 'இருநூறு பேர் வேலை செய்தனர்' என்று எண்ணிக்கையை மட்டும் வாசித்திருந்தால் ஒருவரும் எழுந்து மறுத்திருக்க முடியாது. 2023-இல் இயற்றப்பட்ட எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தில் தனிநபர் செய்தியைப் பற்றிய விலக்குப் பிரிவில் முன்பிருந்த வரையறைகளை நீக்கி, அவ்விலக்கை அகலமாக்க வகை செய்தது. இதனால் பொதுப் பணத்தின் கணக்கும் மறைந்துவிடுமோ என்று தகவல் உரிமைக்காக உழைப்போர் அஞ்சினர். மறைவுரிமைக்குக் காப்பு வேண்டாமா என்று மற்றவர் கேட்டனர். பொதுநலம் பெரிதாயின் தரலாம் என்ற வேறொரு பிரிவு அச்சட்டத்தில் உண்டு என்பதையும் கூறவேண்டும். ஒருவரது சொந்த வாழ்வைச் சேர்ந்தது எது, பொதுப் பணத்தைச் சேர்ந்தது எது என்று கோடு கிழிப்பது எளிதன்று. அக்கோட்டைக் கிழிப்பதில் நாளை நீங்களும் கருத்துச் சொல்ல வேண்டியவர்கள்.

இத்தயக்கங்களைத் தீர்க்க மேலிடத்து உத்தரவு ஒன்றே போதாது. உத்தரவுக்கு அஞ்சி எவருக்கும் பயன்படாத கோப்புகளை ஏற்றி எண்ணிக்கையைக் காட்டிவிட முடியும். எது வேண்டும் என்று மக்களைக் கேட்டு, எது இயலும் என்று அலுவலரைக் கேட்டு, இருவரையும் ஒரே மேசையில் அமர்த்துவதே உண்மையான உதவி. இதற்கும் இராஜஸ்தானமே எடுத்துக்காட்டாக விளங்குகிறது. மாநில அரசாங்கத்தின் கணினித் துறையினரும், முன்பு வீதியில் அமர்ந்து போராடிய அமைப்பினரும் ஒருங்கே அமர்ந்து பேசி, 2019 செப்டம்பரில் 'ஜன் சூசனா' என்னும் மக்கள் தகவல் தளத்தைத் தொடங்கச் செய்தார்கள். நியாயவிலைக் கடை, உதவித்தொகை, வேலைத் திட்டம் முதலியவற்றின் விவரங்களை, விண்ணப்பம் ஏதும் இன்றி, ஊர்வாரியாகப் பார்க்கும்படி அது அமைந்தது. நான்காம் பிரிவு சொல்லிய சொல்லைச் செயலாக்கும் முயற்சி அது. பியாவர் நகரத்து வீதியில் தொடங்கிய பயணம் இவ்விடத்தை எட்ட இருபத்து மூன்று ஆண்டுகள் ஆயின.

இத்துடன் எல்லாம் நிறைவேறிற்று என்று கருதலாகாது. திறந்த ஏடு தானே நீதி வழங்கிவிடாது. படிக்கத் தெரிந்தவனுக்கே அது முதலில் பயன்படும். கர்நாடகத்தில் நிலப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றிய 'பூமி' திட்டம் உழவர் பலருக்கு அலைச்சலைக் குறைத்தது. எனினும், நிலம் யாருடையது என்பதை நகரத்துப் பெரு வணிகர் எளிதில் அறிந்து வாங்கிக்குவிக்கவும் அது துணையாயிற்று என்று ஆராய்ச்சியாளர் சிலர் 2007-இல் எழுதினர். வலியவனும் எளியவனும் ஒரே ஏட்டைப் பார்க்கும்போது, எளியவனுக்குப் படித்துச் சொல்ல ஆள் இல்லாவிடில், ஏடு வலியவன் பக்கமே சாய்ந்துவிடும்.

ஆதலின்தான் இராஜஸ்தானத்துச் சிற்றூர்கள் பலவற்றில், யார் எத்தனை நாள் வேலை செய்தார், எவ்வளவு கூலி பெற்றார் என்ற விவரங்களைப் பஞ்சாயத்துக் கட்டடச் சுவர்களிலே வண்ணத்தில் எழுதிவைத்தார்கள். கணினி இல்லாதவனும் வழியோடு போகையில் தன் பெயரைத் தேடலாம். பேரனைக் கொண்டு படிக்கச் சொல்லிக் கேட்கலாம். உத்திரமேரூர்ச் சுவரில் விதி இருந்தது. இச்சுவர்களில் கணக்கே ஏறியது. நாட்டின் 2005-ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டமும், அதன் பதினேழாம் பிரிவில், கிராம சபையே பணிகளைச் சமூகத் தணிக்கை செய்யவேண்டும் என்று விதித்தது. கோட் கிரானாவில் நடந்த கூட்டத்தின் கொடை அது என்று சொன்னால் மிகையாகாது.

மாணவ நண்பர்களே! இதில் உங்கள் பங்கு யாது என்று தொடக்கத்தில் குறித்தேன். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுவது வழக்கம். பஞ்சாயத்தின் வரவு செலவு அங்கே மக்கள்முன் வைக்கப்படும். அடுத்த கூட்டத்துக்கு ஒரு குறிப்பேடோடு செல்லுங்கள். ஒரே ஓர் இனத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: தெருவிளக்காகட்டும், குடிநீர்க் குழாயாகட்டும். கணக்கில் எத்தனை விளக்கு எழுதியிருக்கிறது என்று குறித்துக்கொண்டு, மாலையில் தெருவில் நடந்து எண்ணிப் பாருங்கள். இரண்டும் ஒத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். நேர்மையாகப் பணி செய்தவருக்கு அது பெருமை. ஒத்திராவிட்டால் பணிவோடு கேளுங்கள். அரசாங்கத்தின் தரவுத் தளத்தில் உங்கள் மாவட்டத்து அட்டவணை ஒன்றைத் திறந்து, கூட்டிப் பார்த்து, அதில் கண்டதை எழுத்தறியாத ஒரு முதியவருக்குத் தமிழில் விளக்கிச் சொல்லுங்கள்.

தன் ஏட்டைப் படிப்பார் உண்டு என்று அறிந்த அலுவலகம் அதைச் செம்மையாக எழுதும்; படிப்பாரே இல்லை என்று அறிந்தால் எத்தனை சட்டம் இருப்பினும் பெயரளவுக்கே வெளியிடும். அரசாங்கங்கள் திறந்த தரவுக் கொள்கையை மேற்கொள்ள நாம் செய்யக்கூடிய முதல் உதவி, வெளிவந்த ஏட்டை எடுத்துப் படிப்பதே. கோயில் மண்டபத்தில் கணக்கு வாசிக்கிறவர் ஏன் இனம் இனமாக நிறுத்தி வாசிக்கிறார்? எதிரே அமர்ந்திருப்பவர்களுக்குப் பந்தலின் விலை தெரியும் என்பதை அவர் அறிவார். அந்த இடத்தில் அடுத்து அமரப்போகிறவர்கள் நீங்கள்.